மூடிக்குள் குங்குமம்

யாழ்ப்பாணத் தீவுப்பக்கத்து மண்கும்பானில் கட்டாக்காலி மாட்டுக்கென்று ஒரு நியாயம் உண்டு. வேலியைப் பிரித்து உள்ளே வந்து மரவள்ளியைத் தின்ற மாட்டை யாரும் அடிப்பதில்லை. பிடித்துக் கட்டி, வைக்கோலும் தண்ணீரும் காட்டி, சொந்தக்காரன் தேடி வரும்வரை வைத்திருப்பார்கள். வந்தவன் முதலில் வேலியை அடைக்க வேண்டும். பிறகுதான் கயிறு அவிழும். நாகபூசணி ஒருமுறை ஊர்ப் பெரியமனிதர் ஒருவரின் நாம்பன் மாட்டையே மூன்று நாள் கட்டிவைத்தவள். மனிதர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து சத்தம்போட்டுப் பார்த்தார். "வேலியை அடையுங்கோ" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறொரு சொல் வரவில்லை. கடைசியில் அவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலிக்குக் கிடுகு பிடித்ததை ஊரே நின்று பார்த்தது.

அப்படிப்பட்டவளைத்தான் யாழ்ப்பாணத்துக் கார்க் கொம்பனி ஐம்பத்தொரு நாளாக அலைக்கழித்துக்கொண்டிருந்தது. பாவம், ஆள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

புதன்கிழமை காலை அவள் குசினியில் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை முழுக்க மா. சின்னவிரலால் தட்டிச் சத்தத்தைப் பெரிதாக்கினாள். கொம்பனி மனேஜர் பிரசாந்தன்.

"மேடம், உங்கட கேஸ் முடிஞ்சுது."

"கேஸ் முடிஞ்சுதோ, கார் முடிஞ்சுதோ தம்பி?"

"கொழும்பில இருந்து றிப்போட் வந்திட்டுது மேடம். சார்ஜ் போடுற மூடிக்குள்ள குங்குமமும் சந்தனமும் கிடக்குதாம். அது ஊசியளில பட்டுத்தான் கருகியிருக்குது. பாவிக்கிற ஆக்களின்ர பிழை எண்டபடியால் வொறண்டிக்குள்ள வராது. வந்து எடுத்துக்கொண்டு போங்கோ."

"ஓடுற காரையோ, ஓடாத காரையோ?"

"திருத்துறதெண்டால் அந்தப் பக்கம் முழுக்க மாத்தவேணும். உங்கட செலவு. சாமான் வர ரெண்டு மாசம் செல்லும்."

நாகபூசணி சண்டை பிடிக்காமல் போனை நிப்பாட்டினாள். அது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம். ஏனென்றால் கார் வீட்டில் நின்ற வெள்ளிக்கிழமைகளில் காலையில் முழுகிவிட்டு வந்து, அந்த மூடியைத் திறந்து, சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தவள் அவளேதான்.

அந்தக் கார் வந்த கதையைச் சொல்லவேண்டும். ஐம்பது வயதில் லைசன்ஸ் எடுத்தவள் நாகபூசணி. மகள் லோஜனா பிரான்சிலிருந்து கைகொடுக்க, பெற்றோல் வேண்டாத நீலக் கார் ஒன்று ஆனி மாதத்துத் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தது. அல்லைப்பிட்டியிலிருந்து வேலணை வரை வழிவழியே நாலு ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு, விடிய ஆறு மணிக்கெல்லாம் புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறையில் விடுவது அவளுடைய ஓட்டம். நாலு பேரும் நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள். காலைப் படகு போனால் போனதுதான். அதுவரை அந்தத் துறையில் ஹயர் ஓடியவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள். முதல் நாளே வான்காரத் தனுஜன், "அக்கா, இனிக் கப்பலும் ஓட்டுவியளோ?" என்று கேட்டான். "உமக்குப் பயமெண்டால் கரையில நில்லும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பியவள், வீடு வரும்வரை தனியே சிரித்துக்கொண்டு வந்தாள். தன் உழைப்பில் ஒரு வேலை, தன் கையில் ஒரு கார்த் திறப்பு. அந்தச் சந்தோசம் மூன்று நாள் நின்றது.

வியாழக்கிழமை விடிய எழும்பிப் பார்த்தால், இரவு முழுக்க வயரில் கிடந்த கார் பதினெட்டு வீதம் சார்ஜ்தான் காட்டியது. லொறியில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுபோனார்கள். ஏழு நாள் வைத்திருந்துவிட்டு, "உள்ளுக்குக் கொம்பியூட்டரைப் புதுப்பிச்சிருக்கு மேடம், இனிப் பிரச்சினை வராது" என்று தந்தார்கள். தந்து பதினோராம் நாள், சோளகக் காற்று காரையே தள்ளுகிற மாதிரி அடித்த ஒரு காலையில், புங்குடுதீவுத் தாம்போதி நடுவில், நாலு ரீச்சர்மாரும் உள்ளே இருக்க, கார் தவழத் தொடங்கியது. கண்ணாடிக்குக் கீழே, இனி மெல்லத்தான் ஓடும் என்று காட்டுகிற ஆமை விளக்கு எரிந்தது. இரண்டு பக்கமும் கடல். அலைத் தூவானம் கண்ணாடியில் வந்து அறைந்தது. தனுஜனுடைய வான் கோர்ன் அடித்துக்கொண்டு கடந்து போனது. அன்றைக்குப் படகு போய்விட்டது, நாலு பேருக்கும் லீவு வெட்டு. கோபிகா ரீச்சர் மட்டும், "பரவாயில்லை அக்கா" என்று அவள் கையைப் பிடித்தாள். அந்தப் பரவாயில்லைதான் நாகபூசணியை இன்னும் சுட்டது.

அதன் பிறகு நாற்பத்துநாலு நாள் கார் திரும்பவும் அவர்களுடைய கராச்சில். கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும் என்றார்கள். வந்த ஆள் படம் எடுத்துக்கொண்டு போனான். சாமான் கப்பலில் என்றார்கள். தீவுப்பக்கத்து உப்புக் காற்று என்றார்கள். இப்போது குங்குமம்.

செவ்வாய்க்கிழமைதான் கோபிகா ரீச்சர் போன் எடுத்திருந்தாள். "அக்கா, குறை நினைக்காதேங்கோ. லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொடங்கீற்றுது. பஸ்ஸில தொங்கி ஏலாமல் கிடக்குது. திங்கக்கிழமை நீங்கள் வராட்டில் தனுஜன்ர வானைப் பேசப்போறம்." அவள் சொன்னதில் ஒரு பிழையுமில்லை. திங்கட்கிழமை போனால் ஓட்டம் போனதுதான். வானில் ஏறிப் பழகினவர்கள் திரும்பி வரப்போவதில்லை.

புருசன் அரியநாயகம் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது, தகப்பனின் பதுளைக் கடை எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எரிந்தது. வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு இரவும் ஒரு பகலும் ஒளிந்திருந்தவர். அன்றைக்குத் தகப்பன் சொன்ன "ஆரோடையும் வாய் குடுக்காதை" என்ற புத்தியை இன்றுவரை விடவில்லை. கடையில் வாங்கின தேங்காய் அழுகலாக இருந்தால்கூடத் திருப்பிக் கொடுக்கமாட்டார். பின்வளவில் கொண்டுபோய் எறிந்துவிட்டு வருவார்.

"இஞ்சரப்பா," என்றார் மெதுவாக. "நாங்கள் வைக்கேல்லையெண்டு சொல்லுவம். ஆர் கண்டது?"

"நான் கண்டனான்."

"நீர் ஒருக்கா விசர்க்கதை கதையாதையும். வைச்சனான் எண்டு போய்ச் சொன்னால் அவங்கள் ஒரேயடியாக் கையை விரிப்பாங்கள்."

"வைச்சதை வைச்சனான் எண்டுதான் சொல்லுவன். பொய் சொல்லிப்போட்டு அவனுக்கு முன்னால நிக்க என்னால ஏலாது. ஒரு பொய்யைக் கண்டுபிடிச்சானெண்டால் பிறகு நான் சொல்லுற உண்மையும் ஆருக்கும் ஏறாது."

புட்டு நீத்துப்பெட்டியில் அவிந்தது. அவள் ஆவியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டுச் சாமியறைக்குப் போனாள். அங்கே அம்மன் படத்துக்குப் பக்கத்தில், கார் கொடுத்த அன்றைக்கு ஷோரூம்காரர் சட்டம்போட்டுப் பரிசாகத் தந்த படம் தொங்கியது. நீலக் கார், முகமெல்லாம் பல்லாக நாகபூசணி, தள்ளிப்போய் நிற்கிற அரியநாயகம், தட்டோடு ஐயர். ஐயரின் வலதுகை திறந்த மூடிக்குள் இருந்தது. பக்கத்தில் நின்று மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தது பிரசாந்தன்.

அவன் அன்று சொன்னதுகூட ஞாபகத்துக்கு வந்தது. "இதில இஞ்சின் இல்லை மேடம். இதுதான் இந்தக் காரின்ர வாய். சாப்பாடு இதுக்காலதான். ஐயா, இதுக்கை ஒரு பொட்டு வையுங்கோ." அவர்கள் செய்ததைப் பார்த்துத்தான் அவளும் செய்தாள். லொறிக்காரர் றேடியேற்றருக்கு வைக்கிற பொட்டுப்போல இதற்கு இது என்று நினைத்துக்கொண்டாள்.

கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் போட்டாள். விரலால் நாட்களைத் தொட்டுத் தொட்டுப் போனாள்.

"இஞ்சருங்கோ, வந்து பாருங்கோ. திங்கள் கார் வந்தது. வியாழன் பழுது. வெள்ளி கார் எங்க நிண்டது?"

"அவங்கட கராச்சில."

"கராச்சில நிண்ட காருக்கு நான் மண்கும்பானில இருந்து பொட்டு வைச்சனானோ? என்ர முதல் வெள்ளி அடுத்த கிழமைதான் வருது. அப்ப முதல் தரம் பழுதாகேக்கை உள்ளுக்குக் கிடந்த குங்குமம் ஆரின்ர குங்குமம்?"

அரியநாயகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கலண்டரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "ஓம்தான்," என்றார். பிறகு, "எண்டாலும் பெரிய இடத்தோட கொழுவுறது..." என்று இழுத்தார்.

"வெள்ளிக்கிழமை போறன். நீங்கள் வராட்டில் வீட்டை இருங்கோ."

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். வருகிறேன் என்று சொல்லவில்லை. வேட்டியை மாற்றிக்கொண்டு படலையடியில் நின்றார். நாகபூசணி விடிய எழும்பிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, மோர்மிளகாய்ப் பொரியல் எல்லாம் வாழையிலையில் கட்டியிருந்தாள். "ஆசுப்பத்திரிக்கே போறம் சோத்தோட?" என்று அவர் கேட்டார். "எவ்வளவு நேரம் இருக்கவேணுமெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றாள். படத்தைத் துவாயில் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பண்ணைப் பாலத்தில் பஸ்ஸின் திறந்த யன்னல்களுக்குள் சோளகம் புகுந்து உப்பை முகத்தில் பூசியது. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லாம் முகத்தைத் துடைத்தார்கள். அவள் துடைக்கவில்லை.

ஷோரூம் கண்ணாடி மாளிகை. ஆடி முடிந்து ஆவணி பிறந்த முதல் வெள்ளி என்றபடியால் உள்ளே கலியாணவீட்டுக் களை. நடுவில் சிவப்பு நாடா கட்டிய புதுக் கார் ஒன்று நின்றது. அதற்கு முன்னால், வாசலை மறித்தபடி, ஆட்களுக்கு ஓட்டிக்காட்டுகிற வெள்ளைக் கார். அதன் இரண்டு பக்கமும் கொம்பனியின் பெயர் முழநீள எழுத்தில்.

பிரசாந்தன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தான். "மேடம், இண்டைக்குக் கொஞ்சம் வேலை கூட. ராகுகாலம் பத்தரைக்குத் தொடங்குது. அதுக்கு முதல் ஒரு வாகனம் குடுத்து அனுப்பவேணும்."

"உம்மட ராகுகாலம் பத்தரைக்குத்தான் தம்பி. என்ர ஐம்பது நாளுக்கு முதலே தொடங்கினது."

துவாயை அவிழ்த்துப் படத்தை மேசையில் வைத்தாள். அதற்குப் பக்கத்தில், முதல் தரம் பழுதானபோது அவர்கள் வேலை விபரம் எழுதித் தந்த ஜொப் காட்டை வைத்தாள்.

"நான் பொட்டு வைச்சனான். ரெண்டு வெள்ளி வைச்சனான். ஒளிக்கேல்லை. ஆனால் இது உங்கட எழுத்து, இது உங்கட திகதி. வியாழக்கிழமை. அப்ப வரைக்கும் நான் அந்த மூடிக்குள்ள கைவைக்கேல்லை. கைவைச்சது இந்த ஐயர். திறந்து பிடிச்சது நீர்."

அவன் படத்தைக் குனிந்து பார்த்தான். காது சிவந்தது. "மேடம், இதில கை மட்டும்தான் தெரியுது. உள்ளுக்கு வைச்சதோ, வெளியில வைச்சதோ எண்டு சொல்லேலாது."

"வெளியில வைக்கிறதுக்கு ஏன் மூடியைத் திறந்தனீர்? காத்து வாங்கவோ?"

"அது... கொழும்புக்கு அனுப்பிப் பாப்பம். ஒரு ரெண்டு கிழமை தாங்கோ. அதோட தீவுப்பக்க உப்புக் காத்தும் ஒரு காரணம் எண்டு..."

"விக்கேக்கை அந்தக் காத்து எங்க போனது? 'தீவெல்லாம் பறக்கும் மேடம்' எண்டு சொன்ன வாய் இதுதானே? திங்கக்கிழமை விடிய நாலு ரீச்சர்மார் றோட்டில நிப்பினம். எனக்கு இண்டைக்கு மறுமொழி வேணும்."

"இண்டைக்கு ஏலாது மேடம்."

"அப்ப நாங்கள் இருக்கிறம்."

கதிரையில் இருந்தாள். சோற்றுப் பையை மடியில் வைத்துக்கொண்டு அரியநாயகமும் நுனிக் கதிரையில் இருந்தார். அவர் எழும்பப் பார்த்தார். அவள் தன் கையை அவர் முழங்காலில் வைத்தாள்.

பத்து மணிக்குப் புதுக் காருக்கு ஆட்கள் வந்தார்கள். சுன்னாகத்துக்காரர். முன்னால் வந்தவர் சரோஜினிதேவி, இளைப்பாறிய அதிபர், நடையிலேயே மணியடித்தது. பிள்ளைகள், மருமக்கள், தேங்காய், எலுமிச்சம்பழம். ஐயர் கற்பூரம் காட்டினார். ஸ்ரேறிங்குக்குப் பொட்டு, முன்பக்கத்துக்குப் பொட்டு, நாலு சில்லுக்கும் பொட்டு. பிறகு பழகின கை பழகின இடத்துக்குப் போனது. இடக்கையால் பக்கத்து மூடியைத் தட்டித் திறந்தார். மோதிரவிரலில் சந்தனம்.

"ஐயா! அதுக்கை வேண்டாம்!"

பிரசாந்தன் போட்ட சத்தத்தில் கற்பூரத் தட்டே ஆடியது. அவன் மேசையைத் தாண்டி ஓடிவந்து ஐயரின் கையைப் பிடித்துவிட்டான். ஐயர் திகைத்துப்போனார்.

"என்ன தம்பி? ஆனியில இருந்து எல்லாக் காருக்கும் நீங்கள்தானே உதுக்கை வைக்கச் சொன்னனீங்கள்!"

சுன்னாகத்துக்காரர் எல்லாரும் பிரசாந்தனைத் திரும்பிப் பார்த்தார்கள். நாகபூசணி எழும்பினாள். மெதுவாகத்தான் நடந்து வந்தாள்.

"ஏன் தம்பி மறிக்கிறீர்? வைக்கட்டுமன். நல்ல நாள், நல்ல நேரம். வெளியிலதானே வைக்கிறவர்?"

பிரசாந்தன் ஐயரின் கையை விட்டான். விட்ட கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

சரோஜினிதேவி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "என்ன நடக்குது இஞ்சை? நீங்கள் ஆரம்மா?"

"நான் மண்கும்பான், அக்கா. இவையிட்டைத்தான் கார் எடுத்தனான். இதே ஐயர், இதே மூடி. நாலாம் நாள் கார் படுத்திட்டுது. இப்ப குங்குமம் வைச்சது உன்ர பிழை, வொறண்டி இல்லையெண்டு சொல்லுகினம். உங்களுக்கு எண்டவுடன மறிச்சிட்டினம். மறிச்சது நல்லது. பிள்ளையள், அதுக்கை மட்டும் வைச்சிடாதேங்கோ."

"உண்மையோ தம்பி?" அதிபர் குரல். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிரசாந்தன்களைக் கண்டவரோ.

"மேடம், அது... விசாரிச்சுக்கொண்டிருக்கிறம்."

"விசாரிக்க என்ன இருக்கு? இப்ப உம்மட வாயாலையே சொல்லிப்போட்டீர். நாளைக்கு எங்கட கார் நிண்டாலும் இந்தக் கதைதானே சொல்லுவீர்?" அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பத்தே கால். ராகுகாலத்துக்கு முதல் இந்தக் கார் வெளிக்கிடாட்டில் எனக்கு வேண்டாம்."

பிரசாந்தன் வாசலைப் பார்த்தான். வெள்ளைக் கார் வழியை மறித்து நின்றது. அதை எடுக்க ஓடினவன் பாதியில் நின்றுவிட்டான். சாரதி ஆசனத்தில் நாகபூசணி ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், இறங்குங்கோ. அதை எடுக்கவேணும்."

"நான் எடுக்கிறன் தம்பி. திறப்பைத் தாரும். ஆனால் எடுத்தனெண்டால் மண்கும்பானிலதான் நிப்பாட்டுவன்."

"அது கொம்பனிக் கார்!"

"ஓம், எழுத்துப் போட்டிருக்குது, வாசிக்கத் தெரியும். அந்த ஜொப் காட்டில எழுதும். பிழை உங்கட, திருத்துறது உங்கட செலவு, என்ர கார் சுகமாகி வருமட்டும் நான் இதை ஓடுவன். எழுதிக் கையெழுத்துப் போடும்."

"கொழும்பில கேக்காமல் எனக்கு ஏலாது மேடம்."

"கேளுமன். ஆர் வேண்டாமெண்டது? நான் இதுக்குள்ள இருக்கிறன்."

அப்போதுதான் அது நடந்தது. மற்றப் பக்கத்துக் கதவு திறந்தது. அரியநாயகம் சோற்றுப் பையோடும் படத்தோடும் ஏறி, அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். பெல்ட்டை இழுத்தார், இரண்டுதரம் தவறி, மூன்றாந்தரம் கொழுவினார். பிறகு கண்ணாடிக்கு வெளியே நிற்கிற பிரசாந்தனைப் பார்த்து, நாற்பது வருசத்துக்கும் மேலாக ஒருவரிடமும் எழுப்பாத குரலை எழுப்பினார்.

"தம்பி, கெதியா எழுதும். நேரம் போகுது!"

நாகபூசணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டு ஸ்ரேறிங்கை இறுக்கிப் பிடித்தாள்.

சுன்னாகத்து மருமகன் ஒருவன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பிரசாந்தன் கொழும்புக்கு எடுத்தான். கண்ணாடி அறைக்குள் அவன் கை வீசி வீசிக் கதைப்பது தெரிந்தது. பத்து இருபத்திரண்டுக்கு வெளியே வந்து ஜொப் காட்டில் எழுதினான். அவள் வாங்கி ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். "திகதி போடேல்லை," என்று திருப்பிக் கொடுத்தாள். போட்டான். திறப்பு கைக்கு வந்தது. பத்து இருபத்தைந்துக்கு வெள்ளைக் கார் றோட்டில் இறங்கியது. பின்னால் நாடா கட்டிய புதுக் கார், எலுமிச்சம்பழங்களை நசித்துக்கொண்டு, மூடிக்குள் பொட்டில்லாமல் வெளிக்கிட்டது.

பண்ணைப் பாலத்தில் காற்று பக்கவாட்டாக அடித்தது. கார் சத்தமில்லாமல் ஓடியது. அல்லைப்பிட்டி தாண்டியது. அரியநாயகம் அவள் பக்கம் திரும்பினார்.

"இஞ்சரப்பா, போற வழியில கடையடியில எப்பன் நிப்பாட்டும்."

"ஏன், என்ன வேணும்?"

"ஒண்டும் வேண்டாம். முந்தநாள் வாங்கின தேங்காய் அழுகல். மாத்தித் தரச்சொல்லிக் கேக்கவேணும்."

திங்கட்கிழமை விடிய, நாலு ரீச்சர்மாரும் குறிகட்டுவானில் இறங்கியபோது படகு வெளிக்கிட இன்னும் பத்து நிமிசம் இருந்தது. கோபிகா ரீச்சர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஸ்ரேறிங்கில் மட்டும் சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. தனுஜன் வானிலிருந்து இறங்கி வந்து, முழநீள எழுத்துகளை வாய்விட்டு வாசித்தான்.

"என்னக்கா, கொம்பனியையே வாங்கிப்போட்டியளோ?"

"இல்லையடா தம்பி," என்றாள் நாகபூசணி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு. "எங்கட வளவுக்குள்ள வந்து மேய்ஞ்சது. பிடிச்சுக் கட்டியிருக்கிறன். வேலியை அடைச்சுப்போட்டு வந்து அவிழ்த்துக்கொண்டு போகட்டும்."